டர்பன் ஈரத்துக்கும் ஜோகன்னஸ்பர்க் வறட்சிக்கும் ஏற்ப, ஸ்கேல் மாடலுக்கு ஏர்பிரஷ்ஷில் வார்னிஷ் அடிப்பது

மாடலுக்கு வார்னிஷ் எதற்கு? மூன்று வேலைக்கு. டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) ஒட்டுவதற்கு முன் பெயிண்டின் சொரசொரப்பை மூடி வழவழப்பாக்குவது ஒன்று. ஒட்டிய டீகாலையும் அடியிலுள்ள பெயிண்டையும் பின்னால் வரும் எனாமல் வாஷ்ஷிலிருந்து (கோடுகளில் நிழல் காட்ட விடும் நீர்த்த எனாமல் பெயிண்ட்) காப்பது இரண்டாவது. கடைசியில் மாடல் முழுவதையும் ஒரே பளபளப்புக்கோ ஒரே மங்கலுக்கோ கொண்டுவருவது மூன்றாவது. மூன்றையும் ஒரே புட்டியை வைத்துச் சமாளிக்க முடியாது. ஒரே நாளில் முடிக்கவும் முடியாது.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் சொல்லும் விகிதத்தை அப்படியே எடுத்து, தென்னாப்பிரிக்கக் கோடையான ஜனவரியில், கடலோர டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் லாக்கர் (காரமான கரைப்பானுள்ள வார்னிஷ்) அடித்தால் மாடல் வெளுத்துப்போகும். குளிர்கால ஜூலையில் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் அடித்தால் தொட்டுப் பார்க்கும்போது உப்புத்தாள் மாதிரி இருக்கும். புதிதாக வந்தவர்கள் கை சரியில்லை என்று நினைத்து ஏர்பிரஷ்ஷை மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் காற்றில்தான் இருக்கிறது.

முதலில் ஈரமானி

வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்று வாங்குங்கள். வார்னிஷ்ஷைவிட விலை குறைவாகவே இருக்கும். ஸ்பிரே அடிக்கும் மேசைமேல் கால் மணி நேரம் வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். 65க்கும் 75க்கும் இடையில் என்றால் லாக்கர் கிளாஸை (பளபளப்பு வகை) ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து அடிக்கலாம். லாக்கர் மேட்டை (மங்கல் வகை) தொடவேண்டாம். 75ஐத் தாண்டினால் லாக்கரை மூடி வைத்துவிட்டு, நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ்ஷை மட்டும் பயன்படுத்துங்கள், அல்லது மறுநாள் வரை பொறுத்திருங்கள்.

ஈரத்தில் லாக்கர் ஏன் வெளுக்கிறது? தின்னர் (வார்னிஷ்ஷை நீர்க்கவைக்கும் கரைப்பான்) வேகமாக ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள நீராவி, இன்னும் காயாத பூச்சின்மேல் நுண்துளிகளாகப் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. அதுதான் பால் தெளித்தாற்போல் தெரியும் வெண்மை. டர்பனில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டுவது சாதாரணம். ஆனால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வெயில் ஏற ஏற சதவீதம் இறங்கும். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை உள்ள நேரம்தான் கோடையில் உருப்படியான நேரம். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஆசைப்பட்டு உட்கார வேண்டாம்.

ஏசி இருக்கும் அறை என்றால் அரை மணி நேரம் முன்பே ஓடவிட்டு ஈரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஸ்பிரே பூத்தின் (ஆவியை வெளியேற்றும் பெட்டி) விசிறி அறைக்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதற்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே வரும். அதாவது நீங்கள் உலர்த்தி வைத்த காற்று போய் கடற்காற்று வந்துவிடும். எனவே கலவையைத் தயாராக ஏர்பிரஷ்ஷில் ஊற்றிய பிறகே விசிறியைப் போடுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிட்டு மானியை மறுபடி பாருங்கள். ஈரத்துக்குப் பயந்து விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் கதை நேர்மாறு. ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் டர்பனைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் தின்னர் விரைவாகப் பறந்துவிடும். குளிர்காலப் பிற்பகலில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஏர்பிரஷ் மூக்கிலிருந்து கிளம்பிய துளி மாடலைத் தொடுமுன் பாதி காய்ந்துவிடும், ஒட்டிக்கொண்டாலும் பரவாது. இதற்கு மருந்து நாலு: தின்னர் கூடுதலாக, ரிட்டார்டர் கொஞ்சம், அழுத்தம் குறைவாக, தூரம் குறைவாக. வறட்சியில் நிலைமின்னேற்றமும் சேர்ந்துகொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்த பிளாஸ்டிக் அறையிலுள்ள தூசியையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலக் காலை வேளையில் அறையே 10 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் நீரில் கரையும் வார்னிஷ் சரியான படலமாக இறுகாது. மதியம் 18 டிகிரிக்கு மேல் வந்த பிறகு அடியுங்கள். புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிற்கவைத்தால் இன்னும் நல்லது. லாக்கர் புட்டியை மட்டும் எந்தச் சூட்டுக்கும் அருகில் கொண்டுபோக வேண்டாம்.

எந்த வார்னிஷ்?

கடையில் இருப்பவை மூன்று குடும்பம். முதலாவது லாக்கர்: மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100 கிளாஸ், டமியா எல்பி-9 கிளாஸ், எல்பி-23 மேட் போன்றவை. மெல்லியதாகப் படியும், கெட்டியாக இறுகும், மெருகேற்றலாம்; வாடையும் விஷமும் அதிகம். இரண்டாவது ஆல்கஹால் வகை அக்ரிலிக்: டமியா எக்ஸ்-22 கிளாஸ், எக்ஸ்-35 செமி கிளாஸ், எக்ஸ்எஃப்-86 மேட். மூன்றாவது தண்ணீர் வகை அக்ரிலிக்: வயேஹோவின் கிளாஸ், சாட்டின் (பாதிப் பளபளப்பு), மேட் வார்னிஷ்கள். வாடை குறைவு, ஈரத்தில் வெளுக்காது, ஆனால் ஏர்பிரஷ் நுனியில் சீக்கிரம் காய்ந்து அடைக்கும்.

முதல் மாடலுக்கு எதை வாங்குவது என்று கேட்டால் எங்கள் பதில்: கிளாஸுக்கு எக்ஸ்-22, முடிவுப் பூச்சுக்கு வயேஹோ மேட் அல்லது சாட்டின். இந்த ஜோடி இரண்டு ஊரிலும் வேலை செய்யும், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். லாக்கரை மூன்று நாலு மாடல் முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். தவிர, லாக்கரும் அதன் தின்னரும் தீப்பற்றும் பொருட்கள் என்பதால் சாதாரண விமானத் தபாலில் வராது. உள்ளூர்க் கடையில் இருக்கும்போது வாங்கி வைத்தால்தான் உண்டு.

எதன்மேல் எது என்பதில் ஒரு விதி உண்டு. காரமான கரைப்பான் உள்ளது அடியில், சாதுவானது மேலே. லாக்கரின் மேல் அக்ரிலிக்கோ எனாமலோ தாராளமாக அடிக்கலாம். எனாமலின் மேல் லாக்கரை ஈரமாக அடித்தால் அடியிலுள்ளது சுருங்கி மடிப்பு விழும். அக்ரிலிக் பெயிண்டின் மேல் லாக்கர் அடிக்கவே கூடாது என்பதில்லை. முதல் இரண்டு சுற்றும் வெறும் தூவலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹார்டுவேர் கடையில் ஐந்து லிட்டர் டின்னில் விற்கும் லாக்கர் தின்னர் மலிவுதான். ஆனால் அது ஏர்பிரஷ் கழுவ மட்டும். அதில் வார்னிஷ் கலந்து பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேல் அடித்தால் பெயிண்டைத் தாண்டிப் பிளாஸ்டிக்கையே அரிக்கும்.

கருவியும் காற்றும்

0.3 அல்லது 0.4 மி.மீ. ஊசியுள்ள, கிண்ணம் மேலே இருக்கும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் போதும் (விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்). 0.2 ஊசியில் மேட் வார்னிஷ் அடைத்துக்கொண்டே இருக்கும். கம்ப்ரெஸரில் சின்னதாகவாவது ஒரு டேங்க் இருக்கட்டும். காற்று துடிப்பில்லாமல் வரும். அழுத்தத்தை ஏர்பிரஷ் விசையை அழுத்திக் காற்று ஓடும்போது பார்த்துத் திருத்துங்கள். சும்மா இருக்கும்போது 1.5 பார் காட்டும் மானி, காற்று ஓடும்போது 1.2க்கு இறங்கும். நாம் சொல்லும் எண்ணெல்லாம் இந்த இரண்டாவது எண்.

டர்பன் பக்கம் ஈரப்பொறி இல்லாமல் வேலையில்லை. ஈரக்காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியும். அது குழாய் வழியே வந்து கிளாஸ் பூச்சின் நடுவில் ஒரு துளியாகத் துப்பும். கம்ப்ரெஸரில் ஒன்று இருந்தாலும், ஏர்பிரஷ்ஷின் காலடியில் இன்னொரு சிறிய பொறியை மாட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

மின்வெட்டு வந்தால் டேங்கில் உள்ள காற்றை வைத்து முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நான்கு பார் வரை நிரம்பிய மூன்று லிட்டர் டேங்க், 1.2 பாரில் அடித்தால் ஒரு நிமிடம்கூட முழுதாகத் தாங்காது. மின்வெட்டு அட்டவணை நடப்பில் இருக்கும் காலத்தில் அதைப் பார்த்துவிட்டே கலவையைக் கலக்குங்கள்.

முகமூடி விஷயத்தில் சிக்கனம் கூடாது. தூசிக்கான என்95 வகை முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான ஏ1 அல்லது ஏ2 வடிகட்டியும், அதன்மேல் துகள் வடிகட்டியும் உள்ள அரைமுக மாஸ்க் வேண்டும். முகமூடிக்குள் வாடை தெரிய ஆரம்பித்தால் வடிகட்டியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை: பக்கத்து அறையில் காமாட்சி விளக்கு எரிந்தாலும், சாம்பிராணி புகைந்தாலும் லாக்கர் அடிக்கக் கூடாது. ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து கதவிடுக்கு வழியே அந்தப் பக்கம் போகும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே வேலையை முடித்து, ஒரு மணி நேரமாவது அறையைத் திறந்து வையுங்கள்.

கலவை

எக்ஸ்-22: ஒரு பங்கு வார்னிஷ்ஷுக்கு ஒரு பங்கு டமியா லாக்கர் தின்னர், அதாவது மஞ்சள் மூடிப் புட்டி. ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்றுக்கு ஒன்றரை. அழுத்தம் 1 முதல் 1.2 பார். அதே எக்ஸ்-22ஐ எக்ஸ்-20ஏ என்ற டமியா அக்ரிலிக் தின்னரிலும் கலக்கலாம். அடியிலுள்ள பெயிண்டுக்கு அது சாது. ஆனால் லாக்கர் தின்னர் அளவுக்குச் சமமாகப் பரவாது.

ஜிஎக்ஸ்100: ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மிஸ்டர் லெவலிங் தின்னர். அந்தத் தின்னரில் ஏற்கெனவே ரிட்டார்டர் இருக்கிறது, அதனால் வறண்ட ஊருக்கு நல்ல தேர்வு. அழுத்தம் 1 பார்.

வயேஹோ: புட்டியிலிருந்து அப்படியே அடிக்கலாம் என்று போட்டிருந்தாலும், பத்துச் சொட்டுக்கு இரண்டு சொட்டு அவர்களுடைய தின்னர், ஒரு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் (நுனியில் காய்வதைக் குறைக்கும் திரவம்) சேர்த்தால் அடைப்பு குறையும். அழுத்தம் 1.4 முதல் 1.8 பார். இதில் ஆல்கஹாலோ லாக்கர் தின்னரோ ஒரு சொட்டு விழுந்தாலும் கலவை தயிராகத் திரிந்து, ஏர்பிரஷ்ஷை முழுதாகக் கழற்ற வைக்கும். முன்பு லாக்கர் அடித்த ஏர்பிரஷ் என்றால், தின்னர் ஈரம் உலரும்வரை காற்றை மட்டும் ஓடவிட்டு, பிறகு தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டு ஊற்றுங்கள்.

ரிட்டார்டர் எதுவானாலும் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். அளவைப் பற்றி ஒரு கணக்கு: 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர்விமானத்துக்கு 3 மி.லி. கலவை தாராளம். 1/35 ராட்டல் கவச வண்டிக்கு 5 முதல் 6 மி.லி. ஆகும்.

மேட் வார்னிஷ்ஷை மட்டும் கூடுதல் மரியாதையோடு கலக்க வேண்டும். மங்கலைத் தருவது அதிலுள்ள சிலிக்கா தூள். அது புட்டியின் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். குலுக்கினால் மட்டும் போதாது. குச்சியால் அடியைச் சுரண்டி இரண்டு நிமிடம் கலக்குங்கள். சரியாகக் கலக்காமல் எடுத்தால் முதல் பாதி புட்டி பளபளப்பாகவும் கடைசிப் பாதி வெள்ளைச் சுண்ணாம்பாகவும் வரும். எக்ஸ்-21 ஃப்ளாட் பேஸ் என்பது வார்னிஷ் அல்ல, மங்கலாக்கும் சேர்க்கை மட்டும். எக்ஸ்-22இல் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். தனியாக அடிக்கவே அடிக்காதீர்கள்.

மாடலைத் தயார்செய்வது

பெயிண்ட் அடித்து 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். டர்பன் கோடையில் 48. மாடலை மெல்லிய உப்புத்தாளில், 3000 எண்ணில், தண்ணீர் தொட்டு மிக லேசாகத் தடவினால் பெயிண்டில் படிந்த தூசி முனைகள் போய்விடும். கைரேகை எண்ணெய்தான் பெரிய எதிரி. அது இருக்கும் இடத்தில் வார்னிஷ் விலகி, மீன்கண் போல வட்டமாகத் துளை விடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் பஞ்சு போன்ற மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணி. அதன் பிறகு கையுறை போட்டே தொடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்பவர்கள் வெறும் பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்கிறார்கள். அக்ரிலிக் பெயிண்டின் மேல் அதைத் தேய்த்தால் பெயிண்ட் துணியோடு வந்துவிடும்.

காக்பிட் கண்ணாடி, விளக்குகள் எல்லாம் மாஸ்க் டேப்பால் மூடியே இருக்கட்டும். கடைசி மேட் பூச்சு காயும்வரை அவற்றை உரிக்க வேண்டாம். குரோம் வகை உலோகப் பெயிண்ட் அடித்த பாகங்களுக்கு எந்த வார்னிஷ்ஷும் வேண்டாம். கிளாஸ்கூட அந்த மின்னலைக் குறைத்துவிடும்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி. மாடலுக்கு அடித்த அதே பெயிண்டை அதன் முதுகில் முன்பே அடித்து வைத்திருங்கள். வார்னிஷ்ஷை அதில் அடித்துப் பார்த்து, ஐந்து நிமிடம் பொறுத்து, வெளுப்போ சுருக்கமோ இல்லை என்று தெரிந்த பிறகே மாடலுக்குப் போங்கள்.

கிளாஸ் அடிக்கும் விதம்

விளக்கை உங்களுக்கு எதிரே, மாடலுக்குப் பின்னால் சாய்வாக வையுங்கள். அந்த வெளிச்சம் மாடலின் முதுகில் பட்டுக் கண்ணுக்கு வர வேண்டும். வார்னிஷ்ஷுக்கு நிறமில்லை. எங்கே விழுந்தது, எங்கே விடுபட்டது என்பதை அந்தப் பிரதிபலிப்பு மட்டுமே காட்டும். தலைக்கு மேலே இருக்கும் விளக்கை நம்பி அடிப்பவர்கள்தான் இறக்கையின் பின்விளிம்பில் வழியவிடுகிறார்கள்.

முதல் சுற்று தூவல். 12 செ.மீ. தூரம், கை வேகமாக நகர வேண்டும். மாடல் ஈரமாகத் தெரியக் கூடாது. மெல்லிய பனி படிந்தது போல் இருந்தால் போதும். மூடிவிட வேண்டும் என்ற ஆசையை அடக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தூவல், குறுக்குத் திசையில். இந்த இரண்டும் அடுத்து வரும் ஈரப் பூச்சுக்குப் பிடிமானம். அடியிலுள்ள பெயிண்டையும் காரமான தின்னரிலிருந்து காக்கும்.

பத்து நிமிடம் கழித்து ஈரப் பூச்சு. தூரம் 6 முதல் 8 செ.மீ.; ஹைவெல்டில் 5. காற்றை முதலில் திறந்து, மாடலுக்கு வெளியே இருக்கும்போதே விசையைப் பின்னால் இழுத்து, இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகச் சென்று, மாடலைத் தாண்டிய பிறகே விசையை விடுங்கள். அடுத்த கோடு முந்தைய கோட்டின் பாதியை மூட வேண்டும். பிரதிபலிப்பைப் பாருங்கள். முதலில் மணல் மணலாகத் தெரிவது ஒரு நொடியில் ஒன்றோடொன்று கூடி, கண்ணாடி மாதிரி சமமாகிவிடும். அந்தக் கணத்தில் கை அங்கிருந்து நகர்ந்திருக்க வேண்டும். இன்னும் அரை நொடி நின்றால் ஈரம் குவிந்து ஓடத் தொடங்கும். மணல் கூடவே இல்லை என்றால் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், அல்லது தின்னர் குறைவு.

துளிகள் சிலந்திக்கால் போலப் பக்கவாட்டில் ஓடினால் அழுத்தத்தைக் குறையுங்கள். வழிந்துவிட்டால் துடைக்கப் போக வேண்டாம். உலர்ந்த பிரஷ்ஷின் நுனியால் அந்தத் துளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, மாடலைத் திருப்பிப் பிடியுங்கள். மிச்சத்தைக் காய்ந்த பிறகு உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்.

டீகாலுக்கு அடியில் ஒரு ஈரப் பூச்சு போதும், அதிகம் போனால் இரண்டு. முடித்ததும் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். ஆனால் ஒரு பக்கம் தீக்குச்சி அளவுக்குத் தூக்கியிருக்கட்டும், ஆவி வெளியேற வேண்டும். எக்ஸ்-22க்கு 24 மணி நேரம், டர்பன் கோடையில் இரண்டு நாள். தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பதும் உள்வரை இறுகுவதும் ஒன்றல்ல. மூக்கருகில் வைத்து மோந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னும் காயவில்லை.

டீகாலும் அதன்மேல் பூச்சும்

தென்னாப்பிரிக்க விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் என்றால் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு இருக்கும். பிற்கால மிராஜ் போர்விமானம் என்றால் கோட்டை வடிவத்துக்குள் பாயும் ஸ்பிரிங்பாக். கோட்டைச் சின்னத்தின் மூலைகளைச் சுற்றி நிறமில்லாத படலம் அகலமாக நிற்கும் என்பதால் கிளாஸ் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது மறையும். சொரசொரப்பான மேட் பெயிண்டின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோல் மின்னும். அதை எந்த வார்னிஷ்ஷும் பிறகு மறைக்காது. மின்னினால் ஊசி நுனியால் நாலைந்து இடத்தில் குத்தி, டீகாலை இளக்கிப் படியவைக்கும் சாஃப்டரைத் தடவி, இரவு முழுக்க விடுங்கள்.

டீகால் ஒட்டி 24 மணி நேரம் கழித்து, பசையின் பழுப்புக் கறையையும் சாஃப்டரின் தடத்தையும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். விட்டால் வார்னிஷ்ஷுக்கு அடியில் நிரந்தரமாகத் தெரியும். பிறகு மறுபடி இரண்டு தூவல், ஒரு ஈரப் பூச்சு. லாக்கர் அடிப்பதாக இருந்தால் இங்கே தூவல் மூன்றாகட்டும். டீகால் படலத்தின் மேல் லாக்கர் குளமாக நின்றால் டீகால் சுருங்கும்.

வாஷ், அப்புறம் மேட்

இரண்டாவது கிளாஸ் நன்றாக இறுகிய பிறகு பேனல் கோடுகளுக்கு (தகடுகள் சேரும் இடத்துக் கோடுகள்) எனாமல் வாஷ் விடலாம். ஒயிட் ஸ்பிரிட் என்ற எனாமல் கரைப்பானில் தொட்ட பஞ்சால் துடைத்தாலும் அடியிலுள்ள அக்ரிலிக் அசையாது. வாஷ் உலர ஒரு நாள். எனாமல் மேலே வந்துவிட்டது என்பதால் இனி லாக்கர் வேண்டாம். கடைசிப் பூச்சுக்குத் தண்ணீர் வகையைச் சொன்னது இதற்காகத்தான்.

மேட் அடிக்கும் கை வேறு. 10 முதல் 12 செ.மீ. தூரம், மெல்லிய சுற்றுகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 நிமிடம். மாடல் சற்றே நனைந்ததாகத் தெரிந்து, சில நொடியில் மங்க வேண்டும். ரொம்பத் தூரத்தில் அடித்தால் தூளாக விழுந்து சொரசொரக்கும். கனமாக அடித்தால் பேனல் கோடுகளிலும் மூலைகளிலும் சிலிக்கா தேங்கி வெள்ளையாகும். நுனி அடைக்கும், அது இயல்பு. பக்கத்தில் ஈரமான காது பட் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நுனியைத் துடையுங்கள். விசையைத் திறந்ததும் முதல் துப்பல் காகிதத்தில் விழட்டும், மாடலில் வேண்டாம்.

எல்லா மாடலுக்கும் மேட் என்று எண்ண வேண்டாம். புழுதியில் ஓடிய ராட்டலுக்கு முழு மேட் பொருந்தும். ஸ்பிட்ஃபயருக்கு மேட்டோடு கொஞ்சம் சாட்டின் கலந்தால் அழகு. 1/144 பயணிகள் விமானத்துக்கு முழு கிளாஸ் அடித்தால் பொம்மை போலாகிவிடும். நிஜத்தில் பளபளப்பாக இருப்பது அந்தச் சிறிய அளவில் அப்படித் தெரியாது. சாட்டின்தான் சரி.

காரும் மினிபஸ் டாக்ஸியும் தனி ஜாதி. அவற்றுக்கு லாக்கர் கிளாஸ்: தூவல் இரண்டு, ஈரப் பூச்சு மூன்று, இடையில் 20 நிமிடம். 1/24 காருக்கு 10 மி.லி. கலவை வரை ஆகும். ஒரு வாரம் இறுகவிட்டு 3000, 4000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்டில் மெருகேற்றுங்கள். விளிம்புகளில் வார்னிஷ் மெல்லியதாகத்தான் நிற்கும். அங்கே தேய்த்தால் அடியிலுள்ள நிறம் வெளியே வந்துவிடும். விளிம்புகளை டேப்பால் மூடிக்கொண்டு தேய்ப்பது புத்திசாலித்தனம்.

கெட்டுப்போனால்

லாக்கர் வெளுத்துவிட்டதா? பதற வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். ஈரப்பதம் இறங்கிய மறுநாள் மதியம், வார்னிஷ் இல்லாமல் லெவலிங் தின்னரை மட்டும் 1 பாரில் லேசாகத் தூவுங்கள். மேற்பரப்பு மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, தெளிவு திரும்பும். ஒரே இடத்தில் நிற்காமல் இரண்டு மூன்று தூவலில் செய்யுங்கள். டீகால் இருக்கும் இடத்தில் இன்னும் எச்சரிக்கை.

மேட் வெள்ளையாகத் தேங்கினால் அதன்மேல் அதே குடும்பத்துக் கிளாஸை ஒரு ஈரப் பூச்சு அடியுங்கள். சிலிக்காத் துகள்களுக்கு நடுவே வார்னிஷ் புகுந்ததும் பெரும்பாலும் வெண்மை மறையும். காய்ந்த பிறகு மேட்டை மறுபடி, இந்த முறை மெல்லியதாக.

ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக இருந்தால் நன்றாகக் காயவிட்டு, 2500 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டு மட்டமாக்கி, தின்னரைக் கூட்டி மறுபடி அடியுங்கள். மீன்கண்ணுக்கும் இதே வழி. ஆனால் சோப்புத் தண்ணீரில் துடைப்பதை விட்டுவிட்டால் மறுபடி அதே இடத்தில் வரும். பெயிண்டே சுருங்கி மடிப்பு விழுந்துவிட்டால் மட்டும் வேறு வழியில்லை. அந்தப் பாகத்தை அடிவரை தேய்த்து முதலிலிருந்து பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

கழுவுதல்

வார்னிஷ்ஷுக்கு நிறமில்லாததால் ஏர்பிரஷ் சுத்தமாகிவிட்டதென்று கண் ஏமாற்றும். தண்ணீர் வகை என்றால் கிண்ணம் காலியான உடனேயே இரண்டு கிண்ணம் தண்ணீர், பிறகு ஒரு கிண்ணம் ஏர்பிரஷ் கிளீனர். எக்ஸ்-22க்கும் லாக்கருக்கும் லாக்கர் தின்னர். ஊசியை வெளியே இழுத்து, தின்னர் நனைத்த துணியில் வைத்து நுனியை நோக்கிச் சுழற்றித் துடையுங்கள். எதிர்த் திசையில் துடைத்தால் நுனி வளையும். நாசிலுக்குள் மெல்லிய பிரஷ்ஷை விட்டுத் திருகுங்கள். மொத்த ஏர்பிரஷ்ஷையும் தின்னரில் ஊறப்போட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஊதிப்போய்க் காற்று கசியும். புட்டியை மூடுமுன் அதன் கழுத்தையும் மூடியின் உட்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை இடுக்கி இல்லாமல் திறக்காது.